களத்தில் கட்டும் கம்பி ஆன்டெனா

1901 டிசம்பரில் நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் சிக்னல் மலைமீது மார்க்கோனி கட்டியதும் ஒருவகையில் தற்காலிகக் கம்பி ஆன்டெனாதான். முதலில் பலூனில் கம்பியைக் கட்டி ஏற்றினார்கள். காற்று பலூனைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. 12ஆம் தேதி காற்றாடியில் சுமார் 150 மீட்டர் கம்பியை ஏற்றி, அட்லாண்டிக்கின் மறுகரையில் இங்கிலாந்தின் போல்டூ நிலையம் அனுப்பிய மோர்ஸ் ‘எஸ்’ எழுத்தைக் கேட்டதாக அவர் அறிவித்தார். உண்மையில் கேட்டாரா என்று வல்லுநர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அந்த வழக்கு இங்கே வேண்டாம். அமெச்சூர் வானொலிக்காரர்களான ஹாம்களுக்குப் பயன்படும் செய்தி வேறு. காற்றாடி மேலும் கீழும் ஆட ஆட, கம்பியின் மின்குணமும் மாறிக்கொண்டே இருந்தது. குறிப்பிட்ட ஓர் அலைநீளத்துக்குச் சேர்த்துவைத்த கருவி அங்கே உதவவில்லை. அப்படிச் சேர்க்கத் தேவையில்லாத எளிய ஏற்பியைத்தான் மார்க்கோனி நம்ப வேண்டியிருந்தது.

காற்றாடி போய் கண்ணாடியிழைக் கம்பம் வந்துவிட்டது. சிக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆன்டெனா என்பது கம்பி மட்டுமல்ல. அது தொங்கும் உயரம், கீழே உள்ள மண், பக்கத்தில் நிற்கும் ஈர மரம், தகரக் கூரை எல்லாம் சேர்ந்ததுதான் ஆன்டெனா. கடையில் வாங்கிய ஆன்டெனாவின் அட்டையில் ‘எஸ்.டபிள்யூ.ஆர். 1.2’ (அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு) என்று அச்சிட்டிருந்தால், யாரோ எங்கோ ஓர் உயரத்தில் கட்டிப் பார்த்த அளவு அது. வீட்டில் சுருதி சேர்த்த தம்புராவை மேடையில் மறுபடி சேர்ப்பதுபோல, மொட்டை மாடியில் சேர்த்த ஆன்டெனாவையும் மலையுச்சியில் ஒருமுறை சேர்க்கத்தான் வேண்டும். அதை ஐந்து நிமிட வேலையாக வைத்துக்கொள்வது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

எந்த பேண்ட், எந்த உயரம்

புதிதாகக் கட்டுகிறவருக்கு ஏற்றது நடுவில் கேபிள் இணைத்த அரை அலை டைபோல். அதை ஒரே கம்பத்தில் ‘கவிழ்த்த வி’ வடிவில் தொங்கவிட்டு, 40 மீட்டர், 20 மீட்டர் ஆகிய இரண்டு பேண்டுகளுக்கும் இணைப்புக் கிளிப் வைத்துக்கொண்டால், இந்தியாவில் பெரும்பாலான தேவைகள் அதிலேயே முடிந்துவிடும். இங்கே 40 மீட்டர் பேண்ட் 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை. 20 மீட்டர் பேண்ட் 14.000 முதல் 14.350 வரை.

இரண்டுக்கும் குணம் வேறு. பகலில் 7 மெகாஹெர்ட்ஸில் தாழ்வாகக் கட்டிய டைபோல் தன் சக்தியின் பெரும்பகுதியைச் செங்குத்தாக மேலே அனுப்புகிறது. அயனி மண்டலம் அதைத் திருப்பிவிட, சில நூறு கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் மழைபோல் இறங்குகிறது. சென்னையிலிருந்து மதுரைக்கோ கோவைக்கோ பேச இதுவே வசதி. நடுவில் மலை இருந்தாலும் கவலையில்லை. 40 மீட்டரில் கால் அலை உயரம் என்பது பத்து மீட்டருக்குச் சற்று மேல். ஆகவே எட்டு ஒன்பது மீட்டர் கம்பம் ‘குட்டையாகிவிட்டதே’ என்று வருந்த வேண்டியதில்லை. உள்ளூர்த் தொடர்புக்குக் குட்டைதான் நல்லது.

14 மெகாஹெர்ட்ஸ் அப்படியல்ல. பக்கத்து மாவட்டத்தைத் தாண்டிக் குதித்துவிடும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தெளிவாகக் கேட்கும். 2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத்தும் அவர் குழுவும் அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதற்காகப் போர்ட் பிளேர் போயிருந்தார்கள். 26ஆம் தேதி நிலநடுக்கமும் சுனாமியும் வந்து தொலைபேசிகள் ஓய்ந்தபோது, பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அதே கருவிகள் தீவுகளுக்கும் பெருநிலப்பரப்புக்கும் இடையே செய்தி சுமந்தன. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் 1,300 கிலோமீட்டருக்கும் மேல். அவ்வளவு தூரத்தையும் பக்கத்து ஊரையும் ஒரே பேண்ட் எல்லா நேரத்திலும் எட்டாது. பையில் இரண்டு பேண்ட் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

பொருள்களும் வெட்டும் அளவும்

கம்பிக்குப் பெரிய தேடல் வேண்டாம். எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் பல இழைச் செப்பு வயர், 0.75 அல்லது 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டில் 22 மீட்டர் போதும். ஒற்றை இழைக் கம்பி வேண்டாம். நாலு முறை சுற்றி அவிழ்த்தால் முறிந்துவிடும். இன்சுலேட்டருக்கு பிளம்பிங் கடையின் பி.வி.சி. பைப்பைச் சிறு துண்டுகளாக அறுத்து இரண்டு துளை போட்டுக்கொள்ளலாம். கயிறு நைலானாக இருக்கட்டும். சணல் கயிறு மழையில் நனைந்தால் மின்சாரத்துக்கு வழிவிடும், உலர்ந்தால் தளரும்.

கேபிள்தான் யோசித்து வாங்க வேண்டியது. ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆர்.ஜி. 58 கோஆக்ஸ் 10 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டருக்குச் சுமார் ஒன்றரை டெசிபெல் இழக்கும். மெல்லிய ஆர்.ஜி. 174 அதே நீளத்துக்கு மூன்று டெசிபெல்லுக்கு மேல், அதாவது பாதி சக்தியை, வழியிலேயே சூடாக்கித் தீர்த்துவிடும். மலையேறுகிறவர் பத்து மீட்டர் ஆர்.ஜி. 174 எடுத்துப் போகலாம். எடை மிச்சம், இழப்பும் ஒரு டெசிபெல்லை ஒட்டியதுதான். காரில் போகிறவருக்கு அந்த இழப்பைச் சுமக்க எந்தக் காரணமும் இல்லை.

நீளக் கணக்கு எளிது. 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் டைபோலின் மொத்த நீளம் மீட்டரில் வரும். 14.2க்கு 10.07 மீட்டர், ஒரு கைக்கு 5.03. 7.1க்கு 20.14 மீட்டர், ஒரு கைக்கு 10.07. இது தொடக்கப் புள்ளிதான். பிளாஸ்டிக் உறை போட்ட வயரில் அலை சற்று மெதுவாக ஓடுவதால் இறுதி நீளம் இதைவிடச் சில சதவீதம் குறையலாம். அப்படியிருந்தும் கூடுதலாகவே வெட்ட வேண்டும். ஒவ்வொரு பக்கமும் நடுவிலிருந்து வரும் உள்கைக்கு 5.25 மீட்டர், அதன் முனையிலிருந்து நீளும் வெளிக்கைக்கு இன்னொரு 5.25 என்று ஆரம்பித்தால் முடிச்சுக்கும் மடிப்புக்கும் இடம் இருக்கும்.

உள்கையும் வெளிக்கையும் சேரும் இடத்தில் ஓர் இன்சுலேட்டர். அதன் இருபுறமும் கம்பி முனைகளில் முதலை கிளிப்போ, மோட்டார் சைக்கிள் வயரிங்கில் வரும் தட்டை இணைப்பியோ பற்றவைக்க வேண்டும். கிளிப்பை மாட்டினால் 40 மீட்டர். கழற்றினால் வெளிக்கை வெறும் கயிறாகத் தொங்க, உள்கை மட்டும் 20 மீட்டரில் வேலை செய்யும். பேண்ட் மாற்ற எழுந்து நடக்க வேண்டும் என்பது இதன் ஒரே குறை.

கம்பத்தை நிறுத்துவது

பத்து மீட்டர் நீளும் கண்ணாடியிழைக் கம்பம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கட்டுமானத்துக்கும் பந்தலுக்கும் வரும் சவுக்குக் கம்பு இரண்டை ஒன்றோடொன்று கட்டினாலே எட்டு மீட்டர் கிடைத்துவிடும். மரம் இருக்கும் இடத்தில் கம்பமே தேவையில்லை: உண்டிவில்லில் ஈயக் குண்டு கட்டிய தூண்டில் நரம்பை எய்து, கிளைக்கு மேலே போட்டு, அதன் வாலில் நைலான் கயிற்றைக் கோத்து இழுத்துக்கொள்ளலாம். எய்வதற்கு முன் மரத்துக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று ஒருவர் போய்ப் பார்த்துவர வேண்டும்.

கண்ணாடியிழைக் கம்பத்தின் நுனித் துண்டு தூண்டில்போல் வளையும். கேபிளின் எடையை அது தாங்காது. நுனியிலிருந்து ஒன்றரை மீட்டர் இறக்கி, 8.5 மீட்டர் உயரத்தில் நடுமுனையைக் கட்டுவது உத்தமம். முனைகள் தரையிலிருந்து 2.5 மீட்டரில் நிற்கட்டும். பத்து மீட்டர்க் கை ஆறு மீட்டர் இறங்கும்போது உச்சிக் கோணம் சுமார் 106 பாகை வரும். கோணம் 90க்குக் கீழே போனால் இரு கைகளும் ஒன்றையொன்று தின்ன ஆரம்பிக்கும் என்பதால் இது பாதுகாப்பான அளவு. கயிற்றையும் சேர்த்தால் கம்பத்திலிருந்து ஒவ்வொரு பக்கமும் பதினொன்றரை மீட்டரில் முளை அடிக்க வேண்டியிருக்கும். 23 மீட்டர் நீளத்துக்குத் தடையில்லாத இடம் இருக்கிறதா என்று கம்பத்தை நிமிர்த்துவதற்கு முன்பே நடந்து பார்த்துவிடலாம். பலர் நிமிர்த்திய பிறகுதான் நடக்கிறார்கள்.

வெட்டவெளியில் தரைக்கு இணையாகத் தொங்கும் டைபோலின் இம்பிடன்ஸ் 73 ஓம். கைகளைத் தாழ்த்தினால் அது 50 ஓமை நெருங்குகிறது. கேபிளும் 50 ஓம்தான். கவிழ்த்த ‘வி’ வடிவம் இடத்தை மிச்சப்படுத்துவதோடு இந்த உதவியையும் இலவசமாகச் செய்கிறது.

நடுமுனையில் ஒரு காரியம் தவறக்கூடாது. டைபோலின் இரு கைகளும் சமம். கோஆக்ஸின் உள்கம்பியும் உறையும் சமமல்ல. தடுக்காவிட்டால் உறையின் வெளிப்புறத்திலும் மின்னோட்டம் ஓடி, கேபிளே மூன்றாவது கையாகிவிடும். ஃபெரைட் வளையத்தில் கேபிளை எட்டுப் பத்துச் சுற்று சுற்றினால் அது அடங்கும். அடங்கியதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு: கேபிளைக் கையால் பிடித்தாலோ, ஒரு துண்டு கேபிளைக் கூட்டிச் சேர்த்தாலோ எஸ்.டபிள்யூ.ஆர். குறிப்பிடும்படி மாறினால் உறையில் மின்னோட்டம் ஓடுகிறது. அதைச் சரிசெய்யாமல் கம்பியை வெட்டிக்கொண்டே போவது வீண்.

சுருதி சேர்த்தல்

முன்பெல்லாம் டிரான்ஸ்மிட்டரும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரும் வைத்துக்கொண்டுதான் தடவித் தடவிச் சேர்ப்பார்கள். ஜப்பானில் ஒரு பொறியாளர் வடிவமைத்து, சீனத் தயாரிப்பாளர்கள் மலிவாக்கிய நானோ வி.என்.ஏ. வந்த பிறகு வேலை சுருங்கிவிட்டது. உள்ளங்கை அளவுக் கருவி. ஆன்டெனா எந்த அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு பெறுகிறது என்பதைப் படமாகவே வரைந்து காட்டும். ஆனால் இரண்டு எச்சரிக்கை. அளக்கும் எல்லையைத் தீர்மானித்துவிட்டு (40 மீட்டருக்கு 6 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் சரியாக இருக்கும்) திறந்த முனை, குறுக்கிணைப்பு, 50 ஓம் என்ற மூன்று மூடிகளையும் மாட்டிச் சீரமைத்த பிறகே அது சொல்வதை நம்பலாம். அடுத்து, நீளக் கம்பி காற்றில் நிலைமின்னூட்டம் ஏற்றிக்கொள்ளும். கேபிளின் உள்கம்பியையும் உறையையும் ஒருமுறை தொட்டு இணைத்து அதை இறக்கிவிட்டுத்தான் கருவியில் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் கருவியின் நுழைவாயில் போய்விடும்.

எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் மட்டும் இருப்பவர் ஐந்து வாட்டில், யாரும் பேசாத அதிர்வெண்ணாகக் கேட்டுப் பார்த்து, தன் அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டு, 7.010, 7.100, 7.190 ஆகிய மூன்று இடங்களில் அளக்கலாம். கீழ்முனையில்தான் மீட்டர் தாழ்ந்து காட்டுகிறது என்றால் கம்பி நீளம். மேல்முனையில் தாழ்ந்தால் கம்பி குட்டை.

கிளிப்பைக் கழற்றி முதலில் 20 மீட்டரைச் சேர்க்க வேண்டும். வெளிக்கையிலிருந்து ஆரம்பித்தால், பிறகு உள்கையைத் தொடும்போது 40 மீட்டர் கணக்கு கலைந்துவிடும்.

கணக்கு இப்படி: இப்போதைய நீளத்தை அளந்த அதிர்வெண்ணால் பெருக்கி, வேண்டிய அதிர்வெண்ணால் வகுத்தால் புதிய நீளம். உள்கை முடிந்து 40 மீட்டருக்கு வந்திருக்கிறோம், மொத்தக் கம்பி 20.60 மீட்டர், ஒத்ததிர்வு 6.92 மெகாஹெர்ட்ஸில் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 7.10 வேண்டும். 20.60 × 6.92 ÷ 7.10 = 20.08. ஆக 52 சென்டிமீட்டர் குறைய வேண்டும், ஒவ்வொரு கையிலும் 26. கால்குலேட்டர் இல்லாத இடத்தில் இதை மனத்தில் வைத்தால் போதும்: 40 மீட்டரில் ஒவ்வொரு கையிலும் பத்து சென்டிமீட்டர் குறைத்தால் ஒத்ததிர்வு சுமார் 70 கிலோஹெர்ட்ஸ் ஏறும், 20 மீட்டரில் ஐந்து சென்டிமீட்டருக்குச் சுமார் 140 கிலோஹெர்ட்ஸ்.

குறைப்பது என்றால் வெட்டுவது அல்ல. மிச்சத்தை முனை இன்சுலேட்டருக்குள் கோத்து, திருப்பி, கம்பியின் மேலேயே இறுக்கமாகச் சுற்றிவிட்டால் வெட்டியதற்கு ஏறக்குறையச் சமமான விளைவு கிடைக்கும். தளர்வாகத் தொங்கவிட்டால் கிடைக்காது. அந்த வால்தான் களத்துக்கான சேமிப்பு. ஈரமான வயல்வரப்பு, உலர்ந்த பாறை, கடலோர மணல் என்று இடம் மாற மாற ஒத்ததிர்வு நகரும். மழையில் நனைந்தால் கொஞ்சம் கீழிறங்கும். வாலை அவிழ்த்தோ மடித்தோ ஈடுகட்டலாம். அவசரமாக இருந்தால் இன்னொரு குறுக்குவழி: முனைகளை அரை மீட்டர் உயர்த்தினால் ஒத்ததிர்வு ஏறும், தாழ்த்தினால் இறங்கும். முளையருகே கயிற்றை இழுத்தே சின்னத் திருத்தத்தை முடித்துவிடலாம்.

எங்கே நிறுத்துவது? புதியவர்கள் 1.0 வரும்வரை விடுவதில்லை. எஸ்.டபிள்யூ.ஆர். 1.5 என்றால் திரும்பி வரும் சக்தி நாலு சதவீதம். 2 என்றால் 11 சதவீதம். 3 என்றால் 25. நாலு சதவீதம் குறைந்ததை மறுமுனையில் எந்தக் காதாலும் கண்டுபிடிக்க முடியாது. பெரும்பாலான டிரான்சிஸ்டர் கருவிகள் 2ஐத் தாண்டினால்தான் சக்தியைக் குறைத்துத் தற்காத்துக்கொள்ள ஆரம்பிக்கின்றன. 1.5க்குள் வந்ததும் கம்பியை விட்டுவிட்டு மைக்கை எடுப்பதே புத்திசாலித்தனம். முழு உயரத்தில் சேர்த்த டைபோல் 7.0 முதல் 7.2 வரை முழுவதையும் பெரும்பாலும் 2க்குள் கொடுத்துவிடும்.

அதே நேரம், தாழ்ந்த எஸ்.டபிள்யூ.ஆர். நல்ல ஆன்டெனாவுக்குச் சான்றும் அல்ல. 50 ஓம் மின்தடையை மாட்டினாலும் மீட்டர் 1.0தான் காட்டும், அலை ஒரு மீட்டர்கூடப் போகாது. மூன்று டெசிபெல் இழக்கும் கேபிளின் மறுமுனையில் 3 என்றிருக்கும் எஸ்.டபிள்யூ.ஆர்., கருவிப் பக்கம் 1.7ஆகத் தெரியும். கெட்ட கேபிள் மீட்டருக்கு இனிப்பாகப் பேசும். கருவிக்குள் இருக்கும் ஆட்டோ டியூனரும் இதே ரகம். டிரான்ஸ்மிட்டரை 50 ஓம் பார்க்க வைக்கிறதே தவிர, கம்பியை மாற்றுவதில்லை. பேண்டின் ஓரத்தில் கொஞ்சம் திருத்த டியூனர் சரி. ஒத்ததிர்வே இல்லாத கம்பிக்கு அதை மருந்தாகக் கொடுக்கக் கூடாது.

நடுவில் கட்ட முடியாதபோது

பாறை முகட்டில் இரண்டு பக்கமும் சேர்த்து 23 மீட்டர் கிடைக்காது. அங்கே ஒரு முனையில் மட்டும் ஊட்டும் அரை அலைக் கம்பி உதவும். முனையில் இம்பிடன்ஸ் இரண்டாயிரம் ஓமைத் தாண்டி எகிறுவதால் 49:1 டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்: ஃபெரைட் வளையத்தில் முதன்மைச் சுற்று இரண்டு, துணைச் சுற்று பதினாலு, முதன்மையின் குறுக்கே 100 பைகோஃபாரட் மின்தேக்கி. இருபது மீட்டர் கம்பியைச் சாய்வாக மரத்தில் ஏற்றினால் 40, 20, 15, 10 மீட்டர் பேண்டுகள் நாலும் கிளிப் கழற்றாமலே கிடைக்கும். ஆனால் நாலும் ஒரே நீளத்தில் பிணைந்திருப்பதால், ஒன்றைச் சேர்க்க மற்றவை நகரும். 40ஐச் சேர்த்துவிட்டு மற்றவற்றில் வருவதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். கேபிள் உறையே இங்கே எதிர்முனையாக வேலை செய்வதால், தடுப்பு வளையத்தைக் கருவிக்கு அருகில் வைக்க வேண்டும். எஃப்.டி.8 என்னும் டிஜிட்டல் முறை போன்ற தொடர் ஒலிபரப்பில் டிரான்ஸ்ஃபார்மர் வளையம் கைசுடும் அளவுக்குச் சூடாகும். முதல் ஆன்டெனாவாக இதையே கட்டுகிறவர்களும் உண்டு. டைபோலே முதலில் வர வேண்டும் என்பது இந்நூலின் தீர்ப்பு. பிழை வந்தால் எங்கே என்று டைபோல் காட்டிக்கொடுக்கும், இது காட்டாது.

கட்டியது நன்றாக வேலை செய்கிறதா என்பதை மீட்டர் சொல்லாது. தூரத்து ஏற்பிகள் சொல்லும். 1993இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர் ஒரு ஹாம். 2008இல் அவர் வெளியிட்ட டபிள்யூ.எஸ்.பி.ஆர். முறையில் 0.2 வாட் சைகை அனுப்பினால், உலகெங்கும் அதைப் பிடித்த நிலையங்கள் எவ்வளவு வலுவாகக் கேட்டன என்று இணையத்தில் தாமாகவே பதிவு செய்துவிடும். உயரத்தையோ திசையையோ மாற்றி, அதே மணி நேரத்துக்குள் மறுபடி அனுப்பி ஒப்பிடலாம். காலையையும் மாலையையும் ஒப்பிட்டால் ஆன்டெனாவை அல்ல, அயனி மண்டலத்தைத்தான் அளந்திருப்போம்.

தொடக்கூடாதவை

அனுப்பும்போது டைபோலின் முனைகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும். தொட்டால் தோல் பொசுங்கும். ஆகவேதான் முனைகள் ஆளுயரத்துக்கு மேலே. கயிறுகளில் வண்ண நாடா கட்டினால் வழிப்போக்கரும் ஆடுமாடும் இடறாமல் போவார்கள். வனத்துறை நிலமானால் முன் அனுமதி, உரிமத்தில் இயங்கும் இடம் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்பது, இரண்டையும் கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். இடிச் சத்தம் கேட்டால் கேபிளைக் கழற்றிக் கருவியிலிருந்து தூரப் போட்டுவிட்டு அங்கிருந்து விலக வேண்டும். கம்பத்தை இறக்கிக்கொண்டு நிற்கும் நேரமல்ல அது. மின்வாரியக் கம்பி அருகில் இருந்தால், கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதைத் தொடாத தூரம் வேண்டும். அந்தத் தூரம் கிடைக்காவிட்டால் வேறு இடம் பார்க்க வேண்டும். இதில் பேரமே இல்லை.

பிரிக்கும்போது கம்பியை வட்டமாக அல்ல, விரல்களுக்கிடையே எட்டு வடிவில் சுற்ற வேண்டும். அடுத்த முறை சிக்கு விழாது. இடம், உச்சி உயரம், முனை உயரம், எவ்வளவு மடிப்பு, எந்த அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு என்பதை ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டால் அடுத்த கட்டுக்குத் தொடக்கம் தயார். கடற்கரையில் கட்டியிருந்தால் கிளிப்புகளை நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகே பைக்குள் போட வேண்டும். உப்புப் படிந்த கிளிப் பச்சை பிடித்து, அடுத்த முறை 40 மீட்டரைக் கொடுக்காது.